ஃபெர்வூர்ட் போட்ட எல்லைகளைத் தேடி ஒரு பயணம்

ஜோகன்னஸ்பர்க்கின் இனஒதுக்கல் அருங்காட்சியகத்துக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். நுழைவுச்சீட்டையே ‘வெள்ளையர்’, ‘வெள்ளையர் அல்லாதோர்’ என்று பிரித்துத்தான் தருவார்கள். கூட வந்தவர் வேறு வாசல் வழியே போக நேரலாம். ஆனால் தென்னாப்பிரிக்காவில் இனஒதுக்கலை வடிவமைத்தவர்களில் முக்கியமானவரான ஹென்ரிக் ஃபெர்வூர்ட் நினைத்ததில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதை அறிய ஊர்களுக்குள் இறங்க வேண்டும்.

ஃபெர்வூர்ட் 1950-ல் பூர்வகுடி விவகார அமைச்சரானவர், 1958 முதல் பிரதமர். நகரங்களில் இனங்களைத் தனித்தனியே குடியமர்த்துவது அவருடைய ஒரு நோக்கம். கறுப்பின மக்களை, அவர்களுக்கென ஒதுக்கிய ‘தாயக’ங்களின் குடிகளாக்கி, மீதி நாட்டில் கூலிக்கு வந்துபோகிறவர்களாக மட்டும் வைத்திருப்பது அதைவிடப் பெரிய நோக்கம்.

முதலாவது பெரும்பாலும் நிறைவேறியது. 1955 பிப்ரவரியில் ஜோகன்னஸ்பர்க்கில் கறுப்பின மக்கள் நிறைந்திருந்த சோஃபியாடவுனைக் காலி செய்யத் தொடங்கினார்கள். இடித்த இடத்தில் வெள்ளையருக்கு வீடு கட்டி, ‘ட்ரையோம்ஃப்’ என்று பெயர் வைத்தார்கள். வெற்றி என்று பொருள். எத்தனை வக்கிரம்! பழைய பெயர் 2006-ல்தான் திரும்பியது. கிறிஸ்து அரசர் தேவாலயத்தையும், டோபி தெருவில் தப்பி நிற்கும், ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் முன்னாள் தலைவர் மருத்துவர் ஸூமாவின் வீட்டையும் பார்த்துவிடுங்கள்.

டர்பனில் சாட்ஸ்வொர்த். கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட இந்தியர்களுக்காக 1960-களில் எழுந்த பகுதி. தமிழ் வம்சாவளியினர் நிறையப் பேர். போகுமுன் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். வடக்கே உம்லதுஸானா ஆறு, தெற்கே உம்லாஸி ஆறு, அதற்கு அப்பால் கறுப்பின மக்களுக்கு ஒதுக்கிய உம்லாஸி நகரியம். இப்படி ஆறும் ரயில்பாதையும் வெற்றுநிலமும்தான் வேலி. நெடுஞ்சாலையில் காரில் விரைந்தால் இது கண்ணில் படாது. இந்தியர்களைக் கப்பலேற்றி அனுப்புவதே ஆளுங்கட்சியின் பழைய திட்டம். 1961-ல் ஃபெர்வூர்டின் அரசே அவர்களை நிரந்தரக் குடிகளாக ஏற்க வேண்டிவந்தது.

பல இனத்தவர் கலந்து வாழ்ந்த கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதி 1966 பிப்ரவரி 11 அன்று வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 60,000-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். இடித்த நிலத்தில் பெரும்பகுதி பல ஆண்டுகள் வெறுமையாகவே கிடந்தது. பியூட்டென்கான்ட் தெரு அருங்காட்சியகத்தின் தரையில் விரித்த பழைய தெரு வரைபடத்தின்மேல் மெதுவாக நடங்கள். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் நாடாளுமன்றம். 1966 செப்டம்பர் 6 அன்று ஃபெர்வூர்ட் குத்திக் கொல்லப்பட்டது அங்கேதான்.

இரண்டாவது நோக்கம் தோற்ற கதைக்கு, சூதாட்ட உல்லாச விடுதியான சன் சிட்டிக்குப் போங்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். தென்னாப்பிரிக்காவில் சூதாட்டத்துக்குத் தடை இருந்ததால், 1977-ல் ‘சுதந்திரம்’ பெற்றதாகச் சொன்ன போஃபுதட்ஸ்வானா தாயகத்தில் இதைக் கட்டினார்கள். அந்த ‘நாடு’ துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. உலக நாடுகள் ஏற்கவில்லை. தாயகங்களை வளர்க்கப் பத்தாண்டுகளில் 10 கோடி பவுண்டுக்கு மேல் வேண்டும் என்று 1955-லேயே அரசு அமைத்த டாம்லின்சன் குழு சொல்லியிருந்தது. வெள்ளையர் முதலீட்டை உள்ளே விட ஃபெர்வூர்ட் மறுத்தார். தாயகங்களுக்கு நாட்டில் ஏறத்தாழ 13 சதவீத நிலம், வேலையும் இல்லை. சுரங்கமும் ஆலையும் இருந்த இடத்துக்கு மக்கள் வராமல் என்ன செய்வார்கள்? 1978-க்குள் நகரங்களை நோக்கிய அந்த ஓட்டம் தாயகங்களை நோக்கித் திரும்பிவிடும் என்பது அவர் கணக்கு. ஆனால் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பின நகரியமான சோவெட்டோ வளர்ந்துகொண்டே போனது. கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று அவர் வகுத்த தனிக் கல்விமுறையான பான்டு கல்வியில் படித்த பிள்ளைகளே 1976-ல் போராடத் தெருவுக்கு வந்தார்கள். கறுப்பின மக்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய கடவுச்சட்டங்கள் 1986-ல் ஒழிந்தன.

சோவெட்டோவுக்கு உள்ளூர் வழிகாட்டியோடு, விடியற்காலையிலேயே போங்கள். நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு மினிபஸ் டாக்சிகள் வரிசையாகக் கிளம்பும் நேரம் அது.