இருபது வயதாகும் சிந்த்தை இப்போது வாங்கலாமா? எஃப்எம்8உடன் மூன்று மாதம்

மூன்று மாதத்துக்கு முன்பு எஃப்எம்8 வாங்கினேன். பெர்லினில் இருக்கும் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 2006இல் வெளியிட்ட மென்பொருள் சிந்தசைசர் அது, அதாவது கணினியிலேயே ஒலிகளை உருவாக்கும் கருவி, சுருக்கமாக சிந்த். தள்ளுபடி நாளில் அரை விலைக்குக் கிடைத்தது, இருநூறு ரிங்கிட்டைக் கொஞ்சம் தாண்டியது. வேலை முடிந்து கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, இரவு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை ஹெட்போனோடு இதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். டெக்ஸெட், வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி என்று நல்ல சிந்த்கள் இலவசமாகவே கிடைக்கும்போது இவ்வளவு பழையதற்கு எதற்குக் காசு என்று வாங்கும் முன் எனக்கே பெரிய யோசனை. அந்த யோசனை தீர்ந்தது ஒரு கோயில் மணியால்.

எங்கள் வீட்டில் காலையில் அம்மா மின்னல் எஃப்.எம். வானொலி வைப்பார். கிள்ளான் பள்ளத்தாக்கில் அது 96.3 மெகாஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 9 கோடியே 63 லட்சம் முறை அதிரும் ஓர் அலை. அறிவிப்பாளரின் குரல் அந்த அதிர்வெண்ணைச் சற்றே கூட்டியும் குறைத்தும் அசைக்கிறது, வானொலிப் பெட்டி அந்த அசைவை மட்டும் பிரித்தெடுத்து நமக்குத் தருகிறது. எஃப்எம் என்பது இப்படி அதிர்வெண்ணை அசைப்பதுதான். அந்த முறையில் ஒலியை உருவாக்கும் எஃப்எம் சிந்தசிஸும் இதே கணக்குதான். இங்கே சுமக்கும் அலையும் அசைக்கும் அலையும் இரண்டுமே காது கேட்கும் எல்லைக்குள் இருக்கும், அவ்வளவுதான். 1967இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் சுரத்தை ஆட்டும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய்ப் பார்த்தார். ஒரு கட்டத்துக்கு மேல் ஆட்டம் ஆட்டமாகக் கேட்கவில்லை, ஒலியின் நிறமே மாறிவிட்டது. அந்தக் கண்டுபிடிப்பின் உரிமையை யமஹா வாங்கி, 1983இல் டிஎக்ஸ்7 என்ற கீபோர்டாக விற்றது. எண்பதுகளின் பாடல்களில் கண்ணாடியைத் தட்டியது போல வரும் எலெக்ட்ரிக் பியானோவைக் கேட்டிருப்பீர்களே, அது பெரும்பாலும் இந்தக் குடும்பத்துச் சத்தம்.

எஃப்எம்8 வாங்குவதற்கு முந்தைய மாதம் டெக்ஸெட் மட்டும்தான். டிஎக்ஸ்7ஐ அப்படியே கணினிக்குள் கொண்டுவந்த இலவச பிளகின், அதாவது இசை மென்பொருளுக்குள் மாட்டிக்கொள்ளும் துணை மென்பொருள். பழைய டிஎக்ஸ்7 பேட்ச் (ஒலி அமைப்பு) கோப்பை நேராக அதில் ஏற்றலாம். 32 ஒலிகள் சேர்ந்த ஒரு கோப்பின் அளவு மொத்தமே 4104 பைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தின் இடத்தில் இப்படி நூற்றுக்கணக்கான கோப்புகள் அடங்கிவிடும். ஒலியைப் பதிவுசெய்து வைக்காமல், ஒலியைச் செய்யும் எண்களை மட்டும் வைத்திருப்பதால்தான் இவ்வளவு சிறிதாக இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

எண்பதுகளில் கல்யாணக் கச்சேரிகளுக்கு டிஎக்ஸ்7 வாசித்த ஒருவர் எங்கள் வீட்டு வரிசையிலேயே இருக்கிறார். அப்பாவின் நண்பர், நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிவந்து கேட்க வைத்தேன். இரண்டு சுரம் வாசித்ததுமே, “இதேதான் தம்பி, இதேதான்” என்றார். எப்படி ஒலிகளை உருவாக்கினீர்கள் என்று கேட்டேன். “யாருப்பா உள்ள போனது? ரெண்டு வரி ஸ்கிரீனு. ஒவ்வொரு எண்ணாத் தேடிப் போய் மாத்தணும். நாங்க ரெடியா சத்தம் இருக்கிற கேட்ரிட்ஜ மாத்திப் போட்டு வாசிச்சுட்டு வந்துருவோம்” என்றார். ஓர் ஒலிக்கு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அளவுகள் உள்ள கருவியை, வரிக்குப் பதினாறு எழுத்து மட்டுமே தெரியும் திரையில் பார்த்துத் திருத்துவது என்றால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும்.

சரி, மணிக்கு வருகிறேன். வீட்டுப் பக்கத்துக் கோயிலில் குருக்களிடம் கேட்டுக்கொண்டு, கூட்டம் இல்லாத ஒரு மதிய நேரத்தில் மணியோசையைக் கைப்பேசியில் பதிவு செய்தேன். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் போட்டு, அதிலுள்ள அதிர்வெண்களைக் கோடுகளாகப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது, எந்தக் கோடும் இன்னொன்றின் சரியான மடங்காக இல்லை என்பது. வீணைக் கம்பியில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஒழுங்காக நிற்கும். மணியில் அந்த ஒழுங்கு இல்லை. மணி மணியாக ஒலிப்பதே அதனால்தான்.

எஃப்எம்மில் இதை எட்டுவது எளிது. சௌனிங்கின் 1973ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே ஒரு மணி இருக்கிறது. 200 ஹெர்ட்ஸ் கேரியர் (சுமக்கும் அலை), 280 ஹெர்ட்ஸ் மாட்யுலேட்டர் (அசைக்கும் அலை), 15 நொடியில் தேயும் ஒலி. 200உடன் 280ஐத் திரும்பத் திரும்பக் கூட்டினால் 480, 760 என்று போகும். கழித்தால் எதிர்மறையில் இறங்கி, காதுக்கு 80, 360, 640 என்று திரும்பி வரும். இரண்டே அலையிலிருந்து இத்தனை. அசைக்கும் ஆழம் ஒலியோடு சேர்ந்து குறைவதால், அடித்த கணத்தில் பளீரென்றும் போகப்போக மென்மையாகவும் ஆகும். டெக்ஸெட்டில் இதை ஒரே மாலையில் செய்துவிட்டேன். தேவாலய மணியைப் போல இருந்தது, எங்கள் கோயில் மணியாக இல்லை.

வித்தியாசம் எங்கே என்று நான்கைந்து இரவு திரும்பத் திரும்பக் கேட்டேன். எங்கள் மணியில் ஒரு நடுக்கம் இருந்தது. ‘ஓம்’ என்று இழுக்கும்போது உள்ளே ஒன்று அலை அலையாக ஏறி இறங்குகிறதே, அது. வார்த்த மணி எதுவும் துல்லியமான வட்டமாக இருப்பதில்லை. அதனால் ஒரே சுரம் மயிரிழை வித்தியாசத்தில் இரண்டாகப் பிரிந்து, அவை ஒன்றோடொன்று சேர்ந்தும் விலகியும் ஒலிக்கின்றன. டெக்ஸெட்டில் டீட்யூன் செய்து, அதாவது சுரத்தைச் சற்றே விலக்கி, இதற்குப் பக்கத்தில் வந்தேன். அடுத்த சிக்கல்தான் என்னை நிறுத்தியது. ஒரே மாட்யுலேட்டர் ஒரு கேரியரை அதிகமாகவும், பக்கத்துக் கேரியரை லேசாகவும் அசைக்க வேண்டும். டிஎக்ஸ்7இல் ஆபரேட்டர்களை (கேரியராகவோ மாட்யுலேட்டராகவோ வேலை செய்யும் அலைகளை) இணைக்க 32 வழிகள் உண்டு, ஒன்றும் குறையில்லை. ஆனால் ஒரு மாட்யுலேட்டருக்கு ஓர் அளவுதான். இரண்டு கேரியருக்குப் போனாலும் அதே அளவில்தான் போகும்.

எஃப்எம்8ஐ வாங்கியது இதற்காகத்தான்.

இதில் ஏ முதல் எஃப் வரை ஆறு ஆபரேட்டர்கள், அவற்றோடு இரைச்சலுக்கு எக்ஸ், ஃபில்ட்டருக்கு இசட். எல்லாம் ஒரு கட்டத்துக்குள் வரிசையாக நிற்கும். எது எதை அசைக்க வேண்டுமோ அந்தச் சந்திப்பில் எண்ணை இழுத்து வைத்தால் போதும். எஃபிலிருந்து ஏவுக்கு 45, எஃபிலிருந்து பிக்கு 12. நான் தேடியது அவ்வளவுதான், பத்து நொடியில் முடிந்தது. நடுக்கத்துக்கு இன்னும் நேரான வழி இருந்தது. ஒவ்வொரு ஆபரேட்டருக்கும், வாசிக்கும் சுரத்துக்கு அது எத்தனை மடங்கு என்ற விகிதத்தோடு ஹெர்ட்ஸ் கணக்கில் ஒரு கூடுதல் அளவும் தரலாம். ஏவுக்கும் பிக்கும் ஒரே விகிதம் கொடுத்து பியில் 2 ஹெர்ட்ஸ் கூட்டினேன். நொடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கியது. பதிவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு 1.6க்குக் குறைத்தேன். அன்று இரவு அம்மா அறைக்குள் எட்டிப் பார்த்து, “இந்த நேரத்துல எந்தக் கோயில்ல மணி அடிக்குது?” என்றார். ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

அப்புறம் ஜால்ரா. இரண்டு ஆபரேட்டர்களை ஒன்றையொன்று அசைக்கும்படி மாட்டி, விகிதங்களை மேலே ஏற்றி, ஒலி எழுந்து தேயும் விதத்தைத் தீர்மானிக்கும் என்வலப்பைச் சுருக்கினேன். ஒரே இரவில் நல்லபடியாக வந்தது. பஜனைக்கு இதை வைத்துக்கொள்ளலாம்.

நாதஸ்வரம் வரவில்லை. மூன்று வாரம் முயன்றேன். 1:1 விகிதத்தில் வேண்டிய அளவு மேற்சுரங்கள் கிடைக்கின்றன, சீவாளியின் கரகரப்புக்குக் கொஞ்சம் எக்ஸும் சேர்த்தேன். ஒரே சுரத்தில் நிற்கும்வரை நம்பும்படி இருக்கிறது. கமகம் தொடங்கியதும் போய்விடுகிறது. நாதஸ்வரத்தில் மூச்சும் உதடும் விரலும் சேர்ந்து சுரத்தை வளைக்கும்போது ஒலியின் நிறமும் கூடவே மாறுகிறது. கீபோர்டின் பிட்ச் சக்கரம் சுரத்தை மட்டும்தான் வளைக்கும். இதற்கு எந்தப் புது சிந்த் வாங்கினாலும் இதே நிலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நல்ல வித்வான் ஒருவரைப் பதிவு செய்து பயன்படுத்துவதே சரி.

வயது தெரியும் இடங்களும் உண்டு. ஜன்னல் 2006ஆம் ஆண்டுத் திரைகளுக்காக வரையப்பட்டது. இன்றைய கூர்மையான திரையில் எழுத்துகள் பொடிப்பொடியாக இருக்கும். வைட்டலில் அலை நகர்வதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம், இங்கே அந்த வசதி குறைவு. ஏற்றிய டிஎக்ஸ்7 பேட்ச்கள் சிலவற்றில் ஒலி தேயும் விதம் கொஞ்சம் மாறியதாக என் காதுக்குப் பட்டது. மாமா கேட்டு மகிழ்ந்த அந்தப் பழைய கரடுமுரடும் இதில் இல்லை, துடைத்து வைத்தது போலச் சுத்தமாக இருக்கும். அந்தக் கரகரப்பு வேண்டுமென்றால் டெக்ஸெட்டில் மார்க் ஒன் என்ற எஞ்சினைத் தேர்ந்தெடுங்கள். இன்னொரு பக்கம், என் லேப்டாப்புக்கு எட்டு வயது. அதில் பத்துப் பன்னிரண்டு எஃப்எம்8 சேர்ந்து ஓடினாலும் திணறுவதில்லை. புதிய சிந்த் சிலவற்றை மூன்றுக்கு மேல் திறக்க முடிவதில்லை.

பழைய சிந்த் வாங்குவதில் எனக்குள்ள பயம் சத்தத்தைப் பற்றியது இல்லை. சைன் அலை மூப்படையாது. பயமெல்லாம் உரிமத்தைச் சரிபார்க்கும் பூட்டைப் பற்றித்தான். சில ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு சிறு நிறுவனத்தின் சிந்த் வாங்கினேன். 32 பிட் பதிப்போடு நின்றுபோனது, கணினி மாற்றியபோது உரிமத்தை மறுபடி பதிவு செய்யப் போனால் அவர்களின் இணைய முகவரியே இல்லை. அதில் செய்து வைத்த இருபதுக்கும் மேற்பட்ட ஒலிகள் இனி திறக்காது. அதனால் இப்போது பணம் கட்டும் முன் மூன்று விஷயம் பார்க்கிறேன்: 64 பிட்டா, கடைசி அப்டேட் எப்போது வந்தது, என் இயங்குதளத்தின் பெயர் அவர்கள் பட்டியலில் இருக்கிறதா. வாங்கிய பிறகும், ஒவ்வொரு ஒலியையும் முடித்தவுடன் ஒவ்வொரு சுரமாக வாசித்து வேவ் கோப்பாகப் பதிவு செய்து வைத்துவிடுகிறேன். எஃப்எம்8 ஒரு நாள் திறக்காமல் போனாலும் மணி என்னிடம் இருக்கும்.

எண்பதுகளின் எலெக்ட்ரிக் பியானோவும் பேஸும் மட்டும் போதும் என்றால் இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம், டெக்ஸெட்டே போதும். முழு விலையிலும் வாங்க மாட்டேன், தள்ளுபடி வரும்வரை பொறுக்கலாம். எஃப்எம் உள்ளே என்ன செய்கிறது என்று புரிந்து, உங்கள் காதில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட சத்தத்தைத் தேடிப் போகிறவர் என்றால், அந்தக் கட்டத்துக்காகவே தாராளமாக வாங்கலாம். முதலில் ஒரு மாதமாவது டெக்ஸெட்டில் இருங்கள். எங்கே முட்டுகிறது என்று தெரிந்த பிறகு வாங்கினால் முதல் நாளே பயன்படும்.

இப்போது உறுமியில் இருக்கிறேன். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது வரும் அந்த முனகலைப் பிடிக்க வேண்டும். தாழ்ந்த சுரத்தில் ஒரு கேரியர், சுரத்தை மேலே இழுக்க ஒரு என்வலப், தேய்ப்புக்கு எக்ஸிலிருந்து கொஞ்சம் இரைச்சல். சித்தப்பா மகன் உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறான், தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடிக்கு அவர்கள் குழுவும் போகும். போன வாரம் அவனுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடி இரண்டு முறை கேட்டான். “இழுப்பு வந்துருச்சுண்ணே. தோலு இன்னும் வரல” என்றான். வரும் ஞாயிறு தன் உறுமியையே எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். மணிக்குச் செய்தது போலவே, முதலில் அதைப் பதிவு செய்து கோடுகளைப் பார்க்கப் போகிறோம்.