கட் பண்ணிப் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொன்னாரு

ஸ்டேக்ஹவுஸ்ல, அதாவது மாட்டுக்கறித் துண்ட கேட்ட பக்குவத்துக்கு கிரில் பண்ணித் தர்ற கடைல, சர்வரா இருந்தவங்க யாரக் கேட்டாலும் இந்த வரிய தூக்கத்துல கூட சொல்லுவாங்க. தட்ட வெச்ச உடனே, "நடுவுல ஒரு தடவ கட் பண்ணிப் பாருங்க, நீங்க கேட்ட மாதிரி வந்திருக்கா?" செயின் கடைங்கள்ல ட்ரெயினிங்லயே இத சொல்லிக் குடுத்துடுவாங்க. ஓரத்துல வெட்டினா ஒண்ணும் தெரியாது, நடுவுலதான் தெரியும். அவங்க வெட்டிப் பாத்து சரின்னு சொல்லிட்டா அடுத்த டேபிளுக்குப் போயிடலாம். அன்னிக்கி நானும் அப்டித்தான் போனேன். ரூல்படி பாத்தா அதுல ஒரு தப்பும் இல்ல, ஆனாலும் அந்த டேபிள் மட்டும் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு.

அந்த டேபிள்ல இருந்த அப்பா கேட்டது மீடியம் வெல். பொண்ணு காலேஜ் முடிச்சத கொண்டாட குடும்பமா வந்திருந்தாங்க, கிராஜுவேஷன் சீசன் சனிக்கிழமை ராத்திரி எப்டி இருக்கும்னு நான் சொல்லத் தேவையில்ல. மீடியம் வெல்னா நடுவுல லேசா பிங்க் தெரியணும், 150 டிகிரி ஃபாரன்ஹீட்டு பக்கம். இதுல நடுவுல ஒரு வெரல் அகலத்துக்கு பட்டையா பிங்க், வெட்டின எடத்துலேர்ந்து செவப்புத் தண்ணி எறங்கி உருளைக்கெழங்கு வரைக்கும் போச்சு. அவரு கத்திய எடுக்காம அதயே பாத்தாரு. அப்புறம் நிமிந்து என்னப் பாத்தாரு. அப்புறம் பொண்ணப் பாத்தாரு. "நல்லாருக்கு, தேங்க்ஸ்"னாரு.

நானும் "சரிங்க சார், என்ஜாய் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

என் பக்கத்து நியாயத்த சொல்லிடறேன். அந்த மஞ்ச லைட்டு வெளிச்சத்துல எந்த கலரயும் அடிச்சு சொல்ல முடியாது, அதனாலதான் சில சர்வருங்க பேனா டார்ச் கூட வெச்சிருப்பாங்க. தட்டுல எறங்குறது ரத்தமும் கெடையாது, அது மயோகுளோபின்ங்கிற புரதம் கலந்த தண்ணி. யூஎஸ்டிஏ, அதாவது அமெரிக்க வேளாண் துறை, பாதுகாப்புக்குன்னு சொல்றது 145 டிகிரியும் 3 நிமிஷம் ரெஸ்டும், அதுக்கு கிட்டத்துலயாவது வந்திருக்கும்னுதான் தோணுச்சு. எல்லாத்துக்கும் மேல அவரு விவரம் தெரிஞ்ச பெரிய மனுஷன், வாயத் தொறந்து நல்லாருக்குன்னு சொல்றாரு, அத மறுத்து "இல்ல சார், நல்லா இல்ல"ன்னு அவரு குடும்பத்துக்கு முன்னாடி நான் எப்டி சொல்றது?

இவ்ளோவும் சரிதான். ஆனா பொண்ணப் பாக்குறதுக்கு முன்னாடி அவரு என்னல்ல பாத்தாரு.

ரெண்டு வாய் சாப்ட்டதும் டேபிளுக்குத் திரும்பிப் போய் கேக்கணும்னு ஒரு பழக்கம் உண்டு, அதுவும் போய்க் கேட்டேன், மறுபடியும் அதே "நல்லாருக்கு". தட்டு எடுக்கப் போனப்பதான் பாத்தேன், சுத்தி வெந்த பகுதிய மட்டும் வெட்டி வெட்டி சாப்ட்டுட்டு நடுவுல அந்த பிங்க் பட்டைய நீளமா அப்டியே விட்டு வெச்சிருந்தாரு. டப்பால போட்டுத் தரவான்னு கேட்டேன், வேணாம்னாரு. பில்ல கட்டினாரு, டிப்ஸும் கொறைக்கல, வழக்கமா நல்லா சாப்ட்டுட்டுப் போறவங்க வெக்கிற அளவே வெச்சிருந்தாரு. அதுதான் இன்னும் கஷ்டமா இருக்கு.

அப்புறம் ரசீதுல இருக்கற சர்வேல எழுதியிருந்தாரு. கோவமா ஒரு வார்த்தை இல்ல. ஸ்டேக் கேட்ட மாதிரி வரல, சர்வர் பக்கத்துலயே நின்னாங்க, பாத்தாங்க, போயிட்டாங்க. அவ்ளோதான். மேனேஜர் ஷிஃப்டுக்கு முன்னாடி என்ன தனியா கூப்ட்டு காட்டினாரு. "அவரே ஓகேன்னு சொல்லிட்டாருன்னு நீ சொல்ற, அப்புறம் நீ என்ன பண்ணுவ, விடு"ன்னாரு. அவருக்கு ஒரு கூப்பன் அனுப்பியாச்சு, கடையப் பொறுத்தவரைக்கும் விஷயம் முடிஞ்சது.

நான் ஏன் விட முடியலன்னா, அந்த ஸ்டேக் ஏன் அப்டி வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். கிரில்ல நிக்கிற ஆளுக்கு ஒரு கணக்கு இருக்கு. கம்மியா வெந்தத திரும்பப் போட்டு சரி பண்ணிடலாம், அதிகமா வெந்தா குப்பைதான், புது பீஸ்தான் போடணும். அதனால பிஸி நேரத்துல எல்லா கையும் கொஞ்சம் கம்மி பக்கமே சாயும். செயின் கடைல வர்றது பெரும்பாலும் ப்ரைம்ங்கிற உசந்த ரகம் கெடையாது, கொழுப்பு கொறைஞ்ச சர்லாய்ன் மாதிரி பீஸ்ல மீடியம் வெல்லுக்கும் வறண்டு போறதுக்கும் நடுவுல எடமே கெடையாது. எடுத்ததுக்கு அப்புறமும் உள்சூடு சில டிகிரி ஏறும், கிச்சன்லேர்ந்து தட்ட வெளிய வெக்கிற விண்டோல ஹீட் லாம்ப்புக்கு கீழ உக்காந்து இன்னும் கொஞ்சம் ஏறும், அதையும் சேத்து கணக்கு பண்ணிதான் முன்னாடியே எடுப்பாங்க. அன்னிக்கி பாத்து தட்டு தூக்கிட்டுப் போற ரன்னர் ரெடியா நின்னாரு, தட்டு விண்டோல நிக்கவே இல்ல, சுடச்சுட போயிடுச்சு. சீக்கிரம் கொண்டு போனதே கொறையாயிடுச்சுன்னு நெனைக்கறேன்.

இதுல யாரும் வேணும்னு தப்பு பண்ணல. ஆனா இந்த மொத்த ஏற்பாடும் ஒரே ஒரு விஷயத்த நம்பி நிக்குது, சரியில்லன்னா கஸ்டமர் திருப்பி அனுப்புவாருங்கிறது. திருப்பி அனுப்பத் தெரிஞ்சவங்களுக்கு எல்லாமே கெடைக்கும், மேனேஜர் வருவாரு, பில்லுலேர்ந்து தூக்குவாங்க, டெசர்ட் வரும். சத்தம் போட்டா இன்னும் வரும். வாய் தொறக்காதவரு வேகாத நடுப்பகுதிய ஒதுக்கி வெச்சுட்டு முழுக்காசு குடுத்துட்டுப் போவாரு. அந்த மாதிரி ஆளுக்குன்னு எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல, சர்வரோட கண்ணத் தவிர.

அந்தக் கண்ணு அன்னிக்கி பாத்துச்சு. சரி, பாத்துட்டு என்ன பண்ணியிருக்கணும்?

இன்னொண்ணையும் யோசிச்சுட்டேன், எனக்கு டிப்ஸ் பயமா இருந்துச்சான்னு. நாங்க வாங்குற மணிக்கூலி ஃபெடரல் கணக்குல 2.13 டாலர், 1991லேர்ந்து மாறவே இல்ல, மிச்சம் எல்லாம் டிப்ஸ்தான். சில மாநிலங்கள்ல நெலமை வேற, எங்களுக்கு அதுதான். பில்லுலேர்ந்து ஒரு ஸ்டேக்க தூக்கினா டிப்ஸும் கொறையும், டேபிள் லேட்டானா அடுத்த பார்ட்டி உக்கார முடியாது. ஆனா சத்தியமா அந்த நிமிஷம் அது என் மனசுல ஓடல. ஓடினது வேற. இப்ப தட்ட எடுத்துட்டுப் போனா கிச்சன் இருக்கற நெலமைல திரும்பி வர எப்டியும் பத்து நிமிஷத்துக்கு மேல ஆகும், புது பீஸ்னா அதுக்கும் மேல, அதுக்குள்ள எல்லாரும் சாப்ட்டு முடிச்சிருப்பாங்க, பொண்ணோட விருந்துல அப்பா மட்டும் தட்டு இல்லாம உக்காந்திருப்பாரு. அவரும் இதே கணக்கத்தான் போட்டிருப்பாருன்னு நெனைக்கறேன். பொண்ணப் பாத்தது அதுக்குத்தான். அப்டின்னா அவரு எடுத்த முடிவுக்கு நான் மரியாதை குடுத்தேன்னு ஆகுது. ஆனா சர்வேல எழுதினது அப்டி இல்லையே. நான் பாத்தேன், போயிட்டேன்னுதானே எழுதியிருக்காரு.

இதுக்கு அப்புறம் ஒரு நாள் ஒரு லேடி மீடியம் ரேர் கேட்டாங்க, அதாவது நடுவுல செவப்பா இருக்கணும். வந்தது மீடியத்துக்குப் போயிடுச்சு, செவப்பே இல்ல. அவங்களும் "நல்லாருக்கு"ன்னாங்க. நான் விடல. "இல்ல மேடம், நீங்க கேட்டது இது இல்ல, புதுசா போட்டுத் தரேன், ஒரு கஷ்டமும் இல்ல"ன்னேன். "பரவால்ல, இதே போதும்"னாங்க. நான் மறுபடியும் சொன்னேன். கடைசில சரின்னு தட்ட நீட்டிட்டாங்க, மொகம் செவந்து போச்சு. கூட வந்தவரு அவங்களுக்காக சாப்பிடாம காத்துட்டு இருந்தாரு, அவரு சாப்பாடும் ஆறிப்போச்சு. புது ஸ்டேக் கரெக்டா வந்துச்சு, நடுவுல கேட்ட செவப்பு. போகும்போது அவங்க மேனேஜர்கிட்ட சொன்னாங்களாம், போதும்னு சொன்னா கேக்கவே மாட்டேங்கிறாங்கன்னு.

இப்பல்லாம் நான் நல்லாருக்கான்னு கேக்கறதில்ல. "இன்னும் கொஞ்சம் சூடு காட்டணுமா, இல்ல இப்டியே இருக்கட்டுமா?"ன்னு கேக்கறேன். அப்டிக் கேட்டா கொறை சொல்ற மாதிரி இல்லாம சாதாரணமா தட்ட நீட்டறவங்க உண்டு, அதுல எனக்கு திருப்திதான். ஆனா அதிகமா வெந்ததுக்கு இந்தக் கேள்வி உதவாது, அந்த லேடி டேபிள்ல இதக் கேட்டிருக்கவே முடியாது. அந்த அப்பாகிட்ட கேட்டிருந்தாலும் பொண்ணப் பாத்துட்டு அதேதான் சொல்லியிருப்பாரோன்னு ஒரு பக்கம் தோணுது. இன்னொரு பக்கம், யாராவது தட்ட எடுத்துட்டுப் போயிட மாட்டாங்களான்னுதான் என்னப் பாத்தாருன்னும் தோணுது.

என் கூட ரொம்ப வருஷமா சர்வரா இருக்கற ஒரு அக்காகிட்ட இதச் சொன்னேன். "அவங்க வாயால என்ன சொல்றாங்களோ அத எடுத்துக்கோ, மனசுக்குள்ள போய்ப் பாக்கறது நம்ம வேலை இல்லம்மா"ன்னாங்க. அந்த லேடிய நெனச்சா அக்கா சொல்றது சரின்னு படுது. அவரு ஒதுக்கி வெச்ச அந்தப் பட்டைய நெனச்சா என்னால ஒத்துக்க முடியல.