ரே மிஸ்டீரியோவை மட்டும் வைத்து ஹியர் கம்ஸ் தி பெயின்

2003 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 2-க்கு மட்டுமே வந்த 'ஸ்மாக்டவுன்! ஹியர் கம்ஸ் தி பெயின்' ஆட்டத்தைத் தூசி தட்டி எடுத்து மறுபடி ஆடிக்கொண்டிருக்கிறேன். ஜப்பானின் யூக்ஸ் நிறுவனம் உருவாக்கி, டிஎச்க்யூ வெளியிட்டது. ரெஸ்லிங் கேம் என்றாலே நம்மில் பாதிப் பேர் இன்றைக்கும் முதலில் சொல்வது இதைத்தான். எனக்கு நானே ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டேன்: சீசன் (மேட்ச் மேட்சாகப் பட்டம் வரை நகரும் ஆட்ட முறை) முழுக்க முகமூடி போட்ட குட்டி வீரர் ரே மிஸ்டீரியோ மட்டும்தான். கடினத்தில் 'ஹார்ட்'. கடைசியில் மலை மாதிரி ஆளான பிராக் லெஸ்னரிடமிருந்து, அமெரிக்க ரெஸ்லிங் நிறுவனமான டபிள்யூடபிள்யூஈ-யின் பட்டத்தைப் பிடுங்க வேண்டும்.

ஏன் ரே? கேம் சென்டரில் மணிக்கணக்குப் போட்டுக் காசு கொடுத்து ஆடிய காலத்தில் அவரை யாரும் சீந்த மாட்டார்கள். கொடுத்த காசுக்குள் நாலு மேட்ச் ஜெயித்தாக வேண்டும். பிராக்கை எடு, இல்லாவிட்டால் கோல்ட்பர்க்கை எடு, பொத்தானை உடைக்கிற மாதிரி அமுக்கு, ஃபினிஷரை, அதாவது அந்த வீரரின் முடிக்கும் அடியைப் போடு, முடிந்தது. நான் ஆடியதும் அப்படித்தான், அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்கள் உள்ளே என்னவெல்லாம் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பிராக்கை வைத்து ஆடினால் தெரியவே தெரியாது.

டிவி தகராறு

முதலில் ஆட்டத்தைத் தொடங்குவதே பாடாக இருந்தது. பழைய பிஎஸ்2-வில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்தான் வரும். வீட்டு டிவியில் அதைச் செருக இடமில்லை. எச்டிஎம்ஐ-யாக மாற்றும் சின்ன அடாப்டர் ஒன்று வாங்கி மாட்டினேன். படம் வந்துவிட்டது. ஆனால் எதிராளி அடிக்க வரும்போது தடுத்தால் ஒரு கணம் தள்ளித்தான் கை எழுகிறது. இந்த ஆட்டத்தில் அந்த ஒரு கணம்தான் எல்லாமே. எல்2, ஆர்2 இரண்டில் ஒன்று அடியைத் தடுக்க, மற்றது பிடியை உடைக்க. எது வருகிறது என்று பார்த்து அதற்குரியதை அந்த நேரத்திலேயே அமுக்க வேண்டும். டிவி படத்தை மெருகேற்றிக் காட்டுகிறேன் என்று நேரம் எடுத்துக்கொண்டால் ரே அடி வாங்கியே சாக வேண்டியதுதான்.

டிவியின் படத் தேர்வில் 'கேம் மோட்' போட்டதும் பெருமளவு சரியாகிவிட்டது. இதே மாதிரி பழைய கன்சோலை எடுப்பவர்கள் முதல் வேலையாக அதைச் செய்துவிடுங்கள். பிஎஸ்2 ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டர் வைத்து ஆடினால் படம் பளிச்சென்று இருக்கும். எனக்கு அந்தப் பழைய கன்ட்ரோலர் கையில் இருந்தால்தான் விரல் ஓடும்.

தூக்க முடியாத ஆள்

டபிள்யூடபிள்யூஈ டிரம்ப் கார்டு ஆடியவர்களுக்கு எடையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ராட்சத வீரர் பிக் ஷோவின் கார்டு கையில் வந்துவிட்டால் 'வெயிட்' என்று கத்திவிட்டு எதிராளியின் கார்டைப் பிடுங்கிக்கொள்ளலாம். 500 பவுண்டு என்றுதான் அவரை அறிவிப்பார்கள். ரேவுக்கு 175. ஸ்மாக்டவுன் தொடரில் இந்த ஆட்டத்தில்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு வந்தது. முந்தைய ஆட்டங்களில் யாரும் யாரையும் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இதில் ரேவை வைத்து பிக் ஷோவைத் தூக்கப் போனால், அணைத்துப் பிடித்து முக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார். அடுத்த நொடி பிக் ஷோ கழுத்தைப் பிடித்து மேலே தூக்குகிறார். அப்புறம் என்ன, அப்படியே தரையில் அறையும் சோக்ஸ்லாம்.

சீசனில் என் முதல் பெரிய சுவர் அதுதான். அடியெல்லாம் கொசுக்கடி மாதிரி. பின் செய்தால் (தோளைத் தரையில் அழுத்தி மூன்று எண்ணும் வரை பிடித்தால் வெற்றி) ஒன்று எண்ணும் முன்பே உதறி எழுகிறார்.

திரையில் இருக்கும் மனித உருவத்தைக் கவனிக்க ஆரம்பித்த பிறகுதான் வழி பிடிபட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன உடல் படம் உண்டு: தலை, உடம்பு, கை, கால். அடி விழ விழ அந்தந்தப் பகுதி மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சிவப்பாகிறது. பிடி போடும் முறையும் நான்கு வகை. வட்டப் பொத்தானோடு எந்தத் திசையை அமுக்குகிறோமோ அதற்கேற்ப, பலத்தால் தூக்கிப் போடுவது, வேகமாக வீழ்த்துவது, மூட்டைத் திருகுவது, அந்த வீரருக்கே உரிய தனிப் பிடி என்று பிரிகிறது. பலத்துக்கான திசையை மறந்தே விட்டேன். பிக் ஷோவின் காலுக்கு மட்டும் போனேன்.

எப்படி நடந்தது என்று கொஞ்சம் விலாவாரியாகச் சொல்கிறேன், எனக்கே பிடித்த மேட்ச் என்பதால். மணி அடித்ததும் கிட்டே போகவில்லை. ஓடி வந்து முழங்காலில் ஒரு உதை, உடனே விலகல். அவர் கையை வீசுவார், அதைத் தடுத்தால் ஒரு நொடி தடுமாறுவார், அந்த நேரத்தில் வேகப் பிடி போட்டுக் கீழே தள்ளல். விழுந்தவரின் கால் பக்கமாக நின்று பிடித்தால்தான் காலுக்கான பிடி வரும். தலைப் பக்கம் நின்றால் வேறு ஏதோ வந்து தொலையும். எங்கே நிற்கிறோம் என்பதை இவ்வளவு பார்க்க வேண்டிய ஆட்டம் என்று சிறு வயதில் தோன்றியதே இல்லை. கால் மஞ்சளானதும் ஒன்றும் தெரியவில்லை. ஆரஞ்சு வந்தபோது எழ நேரம் பிடித்தது. சிவப்பானதும் காலைப் பிடித்துக்கொண்டே நின்றார். அதற்குப் பிறகு மூட்டுப் பிடி. இருவரும் பொத்தானைத் தட்டித் தட்டி ஒரு கோட்டை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இழுப்பார்கள். கட்டை விரல் மரத்துப் போகிற வரை தட்டினேன். பிக் ஷோ தரையைத் தட்டிச் சரணடைந்தார்.

175 பவுண்டு ஆள் 500 பவுண்டு ஆளைத் தூக்காமலே ஜெயித்துவிட்டார். இந்த ஆட்டம் ஏன் இன்னும் பேசப்படுகிறது என்பதற்கு என் பதில் அந்த மேட்ச்தான். ஃபினிஷரின் பகட்டோ ஆட்களின் எண்ணிக்கையோ அதற்குப் பிறகுதான்.

ரேயின் ஃபினிஷரான 619 பற்றியும் சொல்ல வேண்டும். எதிராளி நடுக்கயிற்றில் சாய்ந்து கிடந்தால்தான் அதைப் போட முடியும். மற்ற ஃபினிஷர் போல நட்டநடு ரிங்கில் எல்1 அமுக்கிப் பயனில்லை. அவரைக் கயிற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே தனி வேலை. ஆனால் விழுந்தால் கூட்டம் எழுப்பும் சத்தம் இருக்கிறதே!

மருமகன் வந்த நாள்

அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான். இப்போதைய டபிள்யூடபிள்யூஈ 2கே ஆட்டங்கள் ஆடிப் பழகியவன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "மாமா, கமென்ட்ரியே வரலையே, சவுண்ட் போயிடுச்சா?" என்றான்.

போகவில்லை. இதில் வர்ணனையே கிடையாது. முந்தைய 'ஷட் யுவர் மவுத்'தில் இருந்தது, இதில் எடுத்துவிட்டார்கள், அடுத்த வருடத்து ஆட்டத்தில் திரும்ப வந்தது. எனக்கு அது இல்லாதது நிம்மதி. ஒரே நாலு வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்பதற்குக் கூட்டத்தின் இரைச்சல் எவ்வளவோ மேல்.

அவன் யாரை எடுத்தான் என்று சொல்ல வேண்டுமா? பிராக். வரிசையாக அவர் ஃபினிஷரான எஃப்-5 வாங்கினேன். "உங்க ஆளு ரொம்ப சின்னவர் மாமா" என்று ஆறுதல் வேறு. பிறகு 'ஃபர்ஸ்ட் பிளட்' போட்டுப் பார்க்கலாம் என்றேன். இந்தத் தொடருக்கு இந்த ஆட்டத்தில்தான் புதிதாக வந்த போட்டி வகைகளில் ஒன்று. பின் கிடையாது, சரணடைவது கிடையாது, முதலில் ரத்தம் வந்தவர் தோற்றார். தலையை மட்டும் குறிவைத்தால் போதும் என்பதால் ரேவுக்கு அது தோதான போட்டி. அவன் என்னைத் தூக்கித் தூக்கி எறிந்து முதுகைச் சிவப்பாக்கிக்கொண்டிருந்தான். நான் வெளியே போய் நாற்காலியை எடுத்து வந்து தலையில் மட்டும் போட்டேன். பிராக் நெற்றியில் ரத்தம். "இது போங்கு" என்று கன்ட்ரோலரை மெத்தையில் எறிந்துவிட்டு, "இன்னொரு தடவை" என்றான்.

சேம்பர்

இரும்புக் கூண்டுக்குள் நடக்கும் எலிமினேஷன் சேம்பர் போட்டியும் இந்தத் தொடருக்கு இதில்தான் முதல் முறை. நிஜத்தில் 2002 நவம்பர் 17 அன்று, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சியில் அறிமுகமானது. ஷான் மைக்கேல்ஸ் ஜெயித்தார். ஆறு பேர், இருவர் தொடங்க, நால்வர் கண்ணாடிக் கூண்டுகளில் அடைபட்டிருப்பார்கள். ஒரு வருடத்துக்குள் அதை ஆட்டத்தில் கொண்டுவந்துவிட்டார்கள்.

ரேவை வைத்து ஜெயிப்பது கஷ்டம்தான். ஆனால் ஒதுங்கி நிற்கலாம் என்பதே இதில் பெரிய வசதி. டிரிபிள் எச்சும் கோல்ட்பர்க்கும் அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, விழுந்து கிடப்பவனைக் கடைசியில் பின் செய்வேன். வீரம் இல்லைதான், ஆனால் 175 பவுண்டில் வேறு என்ன செய்ய?

ஷாப்ஸோனும் மற்றதும்

சீசனில் சம்பாதிக்கும் காசுக்கு, ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும் ஷாப்ஸோன் கடையில் பழைய ஜாம்பவான்களை வாங்கலாம். ரவுடி ரோடி பைப்பர், ஜிம்மி ஸ்னூக்கா, டெட் டிபியாஸி, அயர்ன் ஷேக், சார்ஜன்ட் ஸ்லாட்டர் எல்லாம் இருக்கிறார்கள். முதல் காசுக்கு பைப்பரை வாங்கினேன். நிபந்தனைப்படி சீசனில் எடுக்க முடியாது, சும்மா கையில் இருக்கட்டும் என்றுதான்.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் திரையில் கொஞ்ச நேரம் நின்றுவிடுவது வழக்கமாகிவிட்டது. ஜான் சீனா இதில் சங்கிலியும் ஜெர்சியும் போட்டு ராப் பாடிக்கொண்டிருக்கும் பையன், பெரிய பட்டம் எதுவும் கிடையாது. பட்டிஸ்டா ஓரத்தில் நிற்கிறார். பிராக்கும் கோல்ட்பர்க்கும் உச்சியில் இருக்கிறார்கள், ஆனால் டபிள்யூடபிள்யூஈ-யின் பெரிய வருடாந்திர நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவோடு, 2004-இல், இருவரும் கிளம்பிவிட்டார்கள். இதே திரையில் நிற்கும் எடி கெரேரோ 2005-இல் இறந்தார், பைப்பர் 2015-இல். ரே 2006 ரெஸில்மேனியா 22-இல் உலக ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். இந்த ஆட்டம் வந்த 2003-இல் அதைச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இப்போதைய நிலவரம்

பிராக்குடன் பட்டப் போட்டி ஒன்று கிடைத்து, தோற்றாயிற்று. காலுக்குப் போகும் பிக் ஷோ வைத்தியம் அவரிடம் செல்லவில்லை. அவர் வேகமாகவும் எழுகிறார், பிடியையும் உடைக்கிறார். கிட்டே நெருங்கினால் தோளில் தூக்கிவிடுகிறார். தோற்றாலும் சீசன் நின்றுவிடாமல் நகர்ந்துகொண்டே இருப்பது ஒரு நல்ல விஷயம், அடுத்த வாய்ப்பு எப்படியும் வரும்.

அதுவரை அனுபவப் புள்ளிகளை வேகத்திலும் தாங்கும் சக்தியிலும் போட்டுக்கொண்டு வருகிறேன். பலத்தில் ஒரு புள்ளிகூடப் போடவில்லை, போட்டாலும் அவரைத் தூக்கப் போவதில்லை. அடுத்த முறை காலை விட்டுவிட்டுக் கைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். ரேயின் பிடிப் பட்டியலில் கைக்கு உருப்படியாக ஒன்றும் காணோம் என்பதால், எடிட் பகுதிக்குப் போய் ஒன்றிரண்டு பிடிகளை மாற்றி வைக்க வேண்டும். மருமகன் அதுவும் போங்கு என்கிறான்.