எந்தப் பதிப்பு இயங்குகிறது?

ஒரே கணினியில் பைத்தான் நிரல்மொழியின் பல பதிப்புகள் இருக்கும்போது, முனையத்தில் வெறும் பெயரைத் தட்டினால் எது இயங்கும் என்பதை, பாத் (PATH) என்னும் சூழல் மாறியில், அதாவது நிரல்களைத் தேட வேண்டிய இடங்களின் பட்டியலில், கோப்புறைகள் எழுதப்பட்டுள்ள வரிசையே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. நாம் தட்டும் கட்டளைகளை ஏற்று இயக்கும் நிரலான ஷெல், அந்தப் பட்டியலில் இடமிருந்து வலமாகத் தேடி, முதலில் அகப்படுவதை இயக்கிவிடும், அது பழையதா புதியதா என்று பார்ப்பதில்லை.

இருப்பிடம் அறியப் பலரும் ‘விச்’ (which) கட்டளையை நாடுகிறார்கள். பாஷ் (bash) என்னும் ஷெல்லில் நான் ‘டைப் -ஏ’ (type -a) கட்டளையையே விரும்புகிறேன்; கட்டளைகளுக்கு நாமே வைக்கும் மாற்றுப்பெயர்கள், ஷெல்லிலேயே உள்ளமைந்த கட்டளைகள் ஆகியவற்றோடு, பாத்தில் உள்ள எல்லாப் பிரதிகளையும் அது வரிசை மாறாமல் காட்டுகிறது.

பாத்தில் முன்னே நிற்கும் கோப்புறையில் வேறு பதிப்பை நிறுவிய பின்னும் பழையதே இயங்கினால், பாஷ் ஏற்கெனவே கண்ட இடத்தை நினைவில் வைத்திருக்கக்கூடும். ‘ஹாஷ் -ஆர்’ (hash -r) கட்டளை அந்த நினைவை அழித்துவிடும். ஒரு முறைக்கு மட்டும் என்றால், முழுப் பாதையையும் தட்டுவதே எளிது.