மாணவர்கள் எழுதிக் கொடுத்த பெயர்கள்

திருநெல்வேலி, தென்காசி மாவட்டப் பள்ளிகளுக்குப் புகையிலைத் தடுப்புப் பணிக்காகப் பல ஆண்டுகளாகச் சென்று வரும் சமூகப் பணியாளன் நான். பதின்பருவப் பிள்ளைக்கு முதல் சிகரெட்டை நீட்டுபவனும், முதல் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுப்பவனும் பெரும்பாலும் அவனுடைய நண்பன்தான் என்பதை இந்த வேலையில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஆகவே, அதை வேண்டாம் என்று சொல்ல வைக்கும் வலிமையும் நண்பனிடமே இருக்கிறது. இதுவரை சொன்னதை எந்தத் தலைமை ஆசிரியரும் மறுப்பதில்லை. எந்த நண்பன், அவனை யார் தேர்ந்தெடுப்பது என்று கேட்கும்போதுதான் கருத்து வேறுபாடு தொடங்குகிறது.

புகை வந்தால் ஆசிரியர் கண்டுபிடித்துவிடலாம் என்ற காலம் போய்விட்டது. இப்போது பள்ளிகளில் நான் அதிகம் எதிர்கொள்வது புகையில்லாப் புகையிலையைத்தான். ஹான்ஸ் என்ற பொட்டலப் புகையிலை பழையது, கூல் லிப் அதற்குப் பின் வந்தது. கூல் லிப் என்பது விரல் நுனி அளவேயுள்ள ஒரு சிறு புகையிலைப் பை. உதட்டுக்கும் ஈறுக்கும் இடையே வைத்துக்கொண்டால் வெளியே எதுவும் தெரியாது. துப்பவும் வேண்டியதில்லை, வாயில் வருவது புதினா வாசம். அதை வைத்துக்கொண்டு கணக்குப் பாடம் முழுவதையும் கவனிப்பது போல உட்கார்ந்திருக்க முடியும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவும் பான் மசாலாவும் தடை செய்யப்பட்டு வந்தபோதிலும், இந்தப் பைகள் பிற மாநிலங்களிலிருந்து வந்துகொண்டேதான் இருந்தன. 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கூல் லிப்பை நாடு முழுவதும் ஏன் தடை செய்யக் கூடாது என்று கேள்வி எழுப்பியதற்குக் காரணம், அது பள்ளிப் பிள்ளைகளிடம் பரவியிருந்ததுதான்.

இந்தியாவில் 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களிடம் 2019இல் நடத்தப்பட்ட உலக இளையோர் புகையிலை ஆய்வின்படி, அவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினார்கள். சிகரெட் பழகியவர்களில் 38 விழுக்காட்டினரும், பீடி பழகியவர்களில் 47 விழுக்காட்டினரும், புகையில்லாப் புகையிலை பழகியவர்களில் 52 விழுக்காட்டினரும் பத்தாவது பிறந்தநாளுக்கு முன்பே அதைத் தொடங்கியிருந்தார்கள். இரண்டாவதாகச் சொன்ன கணக்கு என்னை அச்சப்படுத்துகிறது. முதலில் சொன்ன 8.5 என்ற எண்ணையோ நான் வகுப்பறையில் ஒரு கருவியாகவே பயன்படுத்துகிறேன். உங்கள் வயதுப் பையன்களில் எத்தனை பேர் இதைத் தொட்டிருப்பார்கள் என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டால், பாதிப் பேர் இருப்பார்கள் என்று தயங்காமல் சொல்வார்கள். அதன் பிறகு பெயரில்லாத துண்டுச் சீட்டுகளைக் கொடுத்து, அவரவர் பழக்கத்தை மட்டும் எழுதி மடித்துப் போடச் சொல்லி, அவர்கள் முன்னிலையிலேயே எண்ணிக் காட்டினால், அந்தப் பாதி சுருங்கி ஒரு சிலராகிவிடும். வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். எல்லோரும் செய்கிறார்கள், நான் மட்டும் பின்தங்கிவிட்டேன் என்ற எண்ணம்தான் பல பையன்களை முதல் முறை கைநீட்ட வைக்கிறது. அந்த எண்ணம் உண்மையல்ல என்பதை அவர்களே எண்ணித் தெரிந்துகொள்வது என் அரை மணி நேரச் சொற்பொழிவைவிட மேலானது.

சொற்பொழிவின் எல்லையைக் காட்டும் பெரிய சான்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே 40 பள்ளி மாவட்டங்களில், 8,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை மூன்றாம் வகுப்பு முதல் பள்ளிப் படிப்பு முடியும் வரை தொடர்ந்து, நண்பர்களின் வற்புறுத்தலை எப்படி மறுப்பது என்பதை ஆசிரியர்கள் வழியாகக் கற்பித்துப் பார்த்தார்கள். 1984இல் தொடங்கிய அந்த ஆய்வின் முடிவு 2000இல் வெளியானபோது, பாடம் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் இடையே புகைப்பழக்கத்தில் வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. இதற்கு மாறாக, வேல்ஸிலும் மேற்கு இங்கிலாந்திலும் 59 பள்ளிகளில் நடந்த அசிஸ்ட் என்ற ஆய்வில், 12, 13 வயது மாணவர்களே தங்களுக்குள் செல்வாக்குள்ளவர்கள் யார் என்று பெயர் எழுதிக் கொடுத்தார்கள். அதிகப் பெயர் பெற்றவர்களுக்குப் பள்ளிக்கு வெளியே இரண்டு நாள் பயிற்சி. பிறகு பத்து வாரங்கள் அவர்கள் தங்கள் நண்பர்களிடம் இயல்பான பேச்சினூடே இதைப் பேசிவந்தார்கள். மேடை கிடையாது, வகுப்பெடுப்பதும் கிடையாது. 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான முடிவின்படி, அந்தப் பள்ளிகளில் புகைப்பழக்கம் ஒப்பீட்டுப் பள்ளிகளைவிடக் குறைவாக இருந்தது. நம் நாட்டிலும் 2004 முதல் 2006 வரை டெல்லி, சென்னை ஆகிய நகரங்களின் 32 பள்ளிகளில் மாணவத் தலைவர்களைக் கொண்டு மைத்ரி என்ற திட்டம் நடந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் திட்டம் நடக்காத பள்ளிகளில் புகையிலைப் பயன்பாடு 68 விழுக்காடு கூடியது. நடந்த பள்ளிகளில் 17 விழுக்காடு குறைந்தது.

இந்த ஆய்வுகளிலிருந்து நான் என் வேலைக்கு எடுத்துக்கொண்டது அந்தப் பெயர் எழுதும் முறையைத்தான். வகுப்பில் யாருடைய பேச்சுக்கு மதிப்பு அதிகம், மனதுக்குக் கஷ்டமென்றால் யாரிடம் போவீர்கள், யாரைப் போல இருக்க ஆசை என்று மூன்று கேள்விகள். சீட்டுகளை நானே வாங்கி நானே எண்ணுவேன். அதில் வரும் பெயர்களுக்கும் ஆசிரியர்கள் எனக்காக முன்பே தயாரித்து வைத்திருக்கும் பட்டியலுக்கும் பொருத்தம் மிகக் குறைவாகவே இருக்கும். வகுப்புத் தலைவன், முதல் மதிப்பெண் வாங்குபவள், பேச்சுப் போட்டியில் பரிசு வாங்குபவன் என்று ஆசிரியர் பட்டியல் போகும். அவர்கள் நல்ல பிள்ளைகள். ஆனால் கடைசி இரண்டு பெஞ்சுகளில் இருப்பவர்கள் அவர்களிடம் பேசுவதே இல்லை.

ஒரு பள்ளியில் எல்லோரைவிடவும் அதிகச் சீட்டுகள் பெற்றவன் ஒரு கபடி வீரன். வருகைப் பதிவில் பல நாட்கள் காலியாக இருக்கும். அரையாண்டுத் தேர்வில் இரண்டு பாடங்களில் தேர்ச்சி இல்லை. தலைமை ஆசிரியர் பட்டியலைப் பார்த்து, “இவனையா சார் மத்தவனுக்குப் புத்தி சொல்ல அனுப்பப் போறீங்க? முதல்ல இவனுக்கு யாராவது சொல்லணும்” என்றார். அவருடைய கவலை நியாயமானதே. ஆனாலும் பிள்ளைகள் எழுதிய பெயரை அடித்துவிட்டால் இந்த முறைக்கே பொருள் இல்லை என்று எடுத்துச் சொல்லி, அவனையும் சேர்த்துக்கொண்டேன். பயிற்சியின் முதல் நாள் மாலையில் அவன் தனியாக வந்து, “சார், நானே எப்பவாச்சும் லிப்பு வைப்பேன். நான் எப்படி சார் அடுத்தவன்ட்ட சொல்ல?” என்று கேட்டான். விட முயற்சி செய்வதாக இருந்தால் நீ இதில் இருக்கலாம், நீ விடும் கஷ்டத்தையே அவர்களிடம் பேசலாம் என்று சொன்னேன். 1800 11 2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த ஆலோசனை எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியரிடம் சொல்லக் கூடாத ஒன்றை அவன் என்னிடம் சொன்னதற்குக் காரணம், பயிற்சி பள்ளிக்கு வெளியே நடந்ததும் அங்கே எந்த ஆசிரியரும் இல்லாததும்தான் என்று நினைக்கிறேன்.

பயிற்சியில் நான் நோய்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வாய்ப்புற்றுநோய் நாற்பது வயதில் வரும் என்பது பதினான்கு வயதுப் பிள்ளைக்கு வேறு யாருக்கோ வரப்போகும் செய்தி. ஓடும்போது மூச்சு வாங்குவது, பல்லில் கறை, பேசும்போது வரும் நாற்றம், கேட்ட நேரத்தில் கிடைக்காவிட்டால் வரும் எரிச்சல் ஆகியவை அவர்களுக்குத் தெரிந்த உலகத்தில் இருப்பவை. மீதி நேரம் முழுவதும் அவர்களே நடித்துப் பார்ப்பதில்தான் போகும். ஒருவன் நீட்டுவான், இன்னொருவன் மறுக்க வேண்டும். அதில் புத்தக வாசகங்கள் ஒன்றும் நிற்பதில்லை. “சாயங்காலம் மேட்ச் இருக்குல”, “எங்கண்ணன் முகர்ந்தே கண்டுபிடிச்சிருவான்” என்பவைதான் நிற்கும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு நோட்டு கொடுப்பேன்; எங்கே, என்ன பேசினோம் என்று இரண்டு வரி எழுதினால் போதும், நண்பனின் பெயரை எழுதவே கூடாது. அந்தக் கபடி வீரனின் நோட்டில் இருந்த ஒரு பதிவை இங்கே தருகிறேன்: “பஸ் ஸ்டாண்டு. ஒருத்தன் லிப்பு வாங்கப் போனான். நான் ஒண்ணும் சொல்லல. வாடா புரோட்டா திம்போம்னு கூட்டிட்டுப் போய்ட்டேன். சாப்ட்டு முடிக்கையில பஸ்ஸு வந்துட்டு.” புத்திமதி என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. வாங்கும் நேரத்தில் பக்கத்தில் இருப்பதும், கால்களை வேறு திசையில் திருப்புவதும், பத்து ரூபாயை வேறொன்றில் செலவழிக்க வைப்பதும் என்னைப் போன்ற வெளியாளால் எந்தக் காலத்திலும் முடியாது.

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. இங்கே ஏராளமான வீடுகளில் அம்மாவும் ஆச்சியும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு, இலையும் தூளுமாக நாள் முழுவதும் பீடி சுற்றுகிறார்கள். பள்ளிக் கட்டணமும் சீருடைத் துணியும் அந்தக் கூலியிலிருந்து வருபவை. பயிற்சியில் ஒரு பெண், “எங்கம்மா சுத்துற பீடியத்தான் சார் அவன் குடிக்கான். நான் அவன என்னன்னு சொல்ல?” என்று கேட்டாள். அன்று மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அதைத்தான் பேசினோம். புகையிலைத் தூளைத் தொடர்ந்து கையாளுவதால் நிகோடின் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்கிறது, தூசு நெஞ்சுக்குள் போகிறது, சுற்றும் தாய்க்கும் இதனால் கேடுதான் என்பதைச் சொன்னேன். அந்தத் தாய்மார்களைக் குற்றவாளிகளாக்கும் எந்தச் சுவரொட்டியையும் நான் இந்தப் பள்ளிகளில் ஒட்டுவதில்லை. பிள்ளைகளும் அதன் பிறகு நண்பர்களிடம் பீடியைப் பற்றிப் பேசும் விதத்தை மாற்றிக்கொண்டார்கள்.

நான் சற்றும் விட்டுக்கொடுக்காத இடம் ஒன்று இருக்கிறது. புகையிலை இல்லாக் கல்வி நிறுவனங்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டுதல்கள், பள்ளிகளில் புகையிலைக் கண்காணிப்பாளர்களை அறிவிக்கச் சொல்கின்றன. ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவரும் அப்படி இருக்கலாம். அது தேவையான ஏற்பாடுதான். ஆனால் கண்காணிக்கும் மாணவனும் நண்பனாக நின்று பேசும் மாணவனும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. ஒரு பள்ளியில் நோட்டுகளை வாங்கிப் பார்த்து, யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று பயிற்சி பெற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அந்த வாரமே நோட்டுகள் நின்றுபோயின. அந்தப் பிள்ளைகளைக் கண்டால் மற்றவர்கள் பேச்சை மாற்றினார்கள். பல ஆண்டு நட்பை வைத்துத் துப்புக் கேட்பது, கேட்கும் பெரியவர்களுக்கு ஒழுங்கு நடவடிக்கையாகத் தெரியலாம். கொடுக்கும் பிள்ளைக்கு அது துரோகம். இப்போதெல்லாம் நோட்டுகளை யாரும் கேட்கக் கூடாது என்ற ஒப்புதலை முதலிலேயே தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் வாங்கிய பிறகுதான் வேலையைத் தொடங்குகிறேன்.

கடைக்காரரைத் தடுக்கும் பொறுப்பையும் பிள்ளைகளின் தலையில் வைக்க முடியாது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்பதையும், கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பதையும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. குழந்தைக்குப் புகையிலை கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை என்று 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. புகையிலை விற்கக் கூடாத எல்லை என்று பள்ளியருகே மஞ்சள் கோடு போட்டுவிட்டு அதற்கு அப்பால் சில்லறைச் சிகரெட் விற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் இருக்கும்வரை, ஒரு பதினான்கு வயதுப் பையன் தன் நண்பனை எத்தனை முறைதான் புரோட்டா கடைக்குக் கூட்டிச் செல்ல முடியும்? அது காவல் துறையும் உணவுப் பாதுகாப்புத் துறையும் செய்ய வேண்டிய வேலை.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் வேறு பள்ளிக்கோ ஐ.டி.ஐ.க்கோ பிரிந்துவிடுகிறார்கள், பதினொன்றாம் வகுப்பில் புது முகங்களும் புதுச் சேர்க்கைகளும் உருவாகின்றன. பழைய பட்டியல் அங்கே செல்லாது. அதனால்தான் பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே, புதிய கூட்டாளிகளிடையே யார் பேச்சு எடுபடுகிறது என்பது ஓரளவு தெரிந்தவுடன், ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் அந்த மூன்று கேள்விகளை மறுபடி கேட்க வேண்டும் என்று தலைமை ஆசிரியர்களிடம் வலியுறுத்தி வருகிறேன். அதற்குத் தேவைப்படுவது ஒரு பாடவேளையும், வரும் பெயர்களை அடிக்காமல் ஏற்றுக்கொள்ளும் மனமும்தான்.