வீட்டில் எஞ்சின் பேரிங் மாற்றியபோது: கிராங்க்கை அளக்காமல் ஷெல்லைச் செருகாதீர்கள்

எஞ்சின் சூடேறி ஐடிலில் நிற்கும்போது ஆயில் பிரஷர் விளக்கு மினுக்கத் தொடங்கியது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அடியிலிருந்து கனமாக டொக் டொக்கென்று சத்தம். வால்வுகளை இயக்கும் டேப்பெட்டின் சத்தம் என்றால் மேலே மெலிசாகக் கேட்கும், இது அப்படியில்லை. பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாக விடுவித்து ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது சிலிண்டரில் சத்தம் அடங்கியது. அந்தச் சிலிண்டரில் எரிப்பு நின்றதும் பிஸ்டனைக் கிராங்க்கோடு (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) இணைக்கும் கனெக்டிங் ராடின் மேல் விழும் அடி குறைகிறது, தட்டலும் குறைகிறது. ஆக, ராடின் அடிமுனை கிராங்க்கைப் பிடிக்கும் இடத்திலுள்ள பிக் எண்ட் பேரிங்தான்.

சம்பை (அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறக்கி, கீழிருந்தே கேப்பை (ராடின் அடிமுனையை மூடும் பாதி வளையம்) அவிழ்த்து, புது ஷெல்லைச் (அரைவட்ட பேரிங் தகடு) செருகி மூடிவிடலாம் என்றுதான் பலரும் சொன்னார்கள். செய்யலாம், சத்தமும் நிற்கும். எவ்வளவு நாளைக்கு என்பது கிராங்க் ஜர்னலின் (ஷெல்லுக்குள் சுழலும் வழுவழுப்பான பகுதி) நிலையைப் பொறுத்தது. அதைப் பார்க்காமல் மூடுவதில் எனக்குச் சம்மதமில்லை. (வண்டிக்கு அடியில் படுப்பதற்கு முன் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிப் படுக்கவே கூடாது.)

கழற்றிய ஷெல்லில் சாம்பல் நிற மேல்பூச்சு பாதிக்கு மேல் போய், செம்பு நிறம் பளபளத்தது. ஜர்னலில் நகத்தை ஓட்டினால் ஒரு கோட்டில் மாட்டியது. அப்புறம் மைக்ரோமீட்டர். ஒரு திசையில் 47.98 மி.மீ., அதற்குக் குறுக்கே 47.93. அதாவது வட்டம் போய் முட்டை வடிவம். இந்த அளவு ஜர்னலுக்கு ஆயில் நிற்கும் இடைவெளியே ஏறக்குறைய 0.03 முதல் 0.06 மி.மீ. வரைதான். அதில் 0.05 கோணல் இருந்தால் ஆயில் படலம் எப்படி ஒரே சீராக நிற்கும்? ஒரே இடத்தில் பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்துப் பார்த்திருந்தால் இது தெரியாமலே போயிருக்கும். சுற்றிலும், இரு ஓரங்களிலும் அளக்க வேண்டும்.

எஞ்சினை இறக்குவதைத் தவிர வழியில்லை. கிராங்க்கை லேத்துக்கு அனுப்பி எல்லா ராடு ஜர்னல்களையும் 0.25 மி.மீ. குறைத்து கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற சற்றுத் தடித்த அண்டர்சைஸ் ஷெல் வாங்கினேன்.

இதற்கிடையே வந்த குறுக்குவழி யோசனைகள் கவலை தருபவை. ஷெல்லுக்குப் பின்னால் மெல்லிய தகடு வை என்றார் ஒருவர். ஷெல்லின் முதுகு ராடோடு இறுக்கமாகப் படிந்தால்தான் சூடு கடத்தப்படும். இல்லாவிட்டால் ஷெல் சுழன்றுவிடும், அப்புறம் ராடும் போகும். கேப்பை அரம் போட்டுத் தேய்ப்பதும் அதே ரகம், துளை வட்டமாக இருக்காது. கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் கொஞ்ச நாள் மறையும், தேய்மானம் மறையாது.

பூட்டும்போது ஒவ்வொரு கேப்பும் அதனதன் ராடிலேயே, அதே பக்கம் பார்த்து வர வேண்டும். ராடும் கேப்பும் சேர்த்து வைத்துத்தான் துளை போட்டிருப்பார்கள். அதனால் கழற்றும்போதே எண் குறித்துவிட்டேன். ராடு போல்ட் முனைகளில் ரப்பர் குழாய் மாட்டினேன், புதிதாகக் கடைந்த ஜர்னலில் திரெட் கீறக் கூடாது. கிராங்க்கின் ஆயில் துளைகளில் பிரஷ் விட்டுக் கழுவியபோது கிரைண்டிங் தூள் கருப்பாக வந்தது. அது உள்ளே இருந்திருந்தால் புது ஷெல்லை முதல் நாளே அறுத்திருக்கும். ஷெல்லின் முதுகில் ஆயில் படாமல் துடைத்து, உள்பக்கத்தில் மட்டும் அசெம்பிளி லூப் (பூட்டும்போது தடவும் மசகு) பூசினேன்.

பிளாஸ்டிகேஜ் நான்கிலும் சுமார் 0.04 மி.மீ. இடைவெளி காட்டியது. அது உள்ளே இருக்கும்போது கிராங்க்கைச் சுற்றக் கூடாது, சுற்றினால் அளவு பொய்யாகிவிடும். இந்த எஞ்சினின் ராடு போல்ட்டுகள் இறுக்கும்போது நீளும் வகை. பழையதை அளவெடுக்க மட்டும் பயன்படுத்தி, கடைசியாகப் பூட்டப் புதியதைப் போட்டேன். முதலில் டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் ஸ்பேனர்), பிறகு கையேட்டில் சொன்ன கோணம். ஒவ்வொரு கேப் இறுகியதும் கிராங்க்கைக் கையால் சுற்றிப் பார்த்தேன். எங்காவது பிடித்தால் மேலே போகக் கூடாது.

பழைய செம்புத்தூள் ஆயில் கூலருக்குள் தங்கியிருக்கும். அதைக் கழுவி நம்புவதைவிட மாற்றுவது நல்லது, நான் மாற்றிவிட்டேன். முதல் தடவை எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றினேன். உலர்ந்த பேரிங்கில் எஞ்சின் ஓடக் கூடாது. கொஞ்ச தூரம் நிதானமாக ஓட்டியதும் ஆயிலை மாற்றி, ஃபில்டரை அறுத்து மடிப்புகளை வெயிலில் விரித்துப் பார்த்தேன். செம்பு மினுமினுப்பு எதுவும் இல்லை. அடுத்த ஆயில் மாற்றத்திலும் அறுத்துப் பார்ப்பேன்.