நின்றது வண்டி, கூடியது சபை

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால் முன்பின் தெரியாதவர்களெல்லாம் நண்பர்களாகிவிடுவார்கள். ஓடும்போது கை காட்டுவார்கள். நின்றுவிட்டால் கிட்டே வந்து காரணம் சொல்வார்கள்.

என்னுடையது 1980களில் வந்த இரண்டு கதவு வண்டி. வாங்கியதைப் பற்றி வீட்டில் நடந்த விவாதமே இன்னும் ஓயவில்லை, அதற்குள் நாலாவது கியரில் போய்க்கொண்டிருந்தபோது எஞ்சின் நின்றது. இருமல், விக்கல், குலுக்கல் எதுவும் கிடையாது. வண்டி கியரிலேயே உருண்டுகொண்டிருக்க, எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்தது.

இது நல்ல தடயம். பெட்ரோல் வராமல் போனால் வண்டி கொஞ்ச தூரம் திணறிவிட்டுத்தான் நிற்கும். சட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட் விவகாரம். கியரில் உருளும் வண்டியில் எஞ்சின் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அப்போதும் முள் விழுகிறது என்றால் பொறி உண்டாக்கும் இக்னிஷன் சிக்னல் போய்விட்டது என்று பொருள். மூளைக்கு இதெல்லாம் தெரிந்தது. வயிறு மட்டும் "டைமிங் பெல்ட், டைமிங் பெல்ட்" என்றது. அந்த பெல்ட் அறுந்தால், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. இந்த மாதிரி எஞ்சின்களில் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வுகளை இடித்து வளைத்துவிடும். அதற்கப்புறம் வீட்டு விவாதம் வேறு கட்டத்துக்குப் போகும்.

பானட்டைத் திறந்ததும் சபை கூடியது.

"பேட்டரிதான் சார்" என்றார் ஒருவர். ஹெட்லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. இன்னொருவர் ரேடியேட்டர் என்றார். மூன்றாமவர் பெட்ரோலில் தண்ணீர் என்று அடித்துச் சொன்னார். கொஞ்ச நேரம் கேட்டால் விஷயம் புரிந்துவிடும்: யாரும் என் வண்டியைப் பற்றிப் பேசவில்லை, அவரவர் வண்டி கடைசியாக எதற்காக நின்றதோ அதைத்தான் சொல்கிறார்கள். ஒரு தம்பி மட்டும் நவீனமாக, "ஸ்கேனர் சொருகிப் பாருங்க அண்ணே, போன்லயே காட்டும்" என்றான். ஸ்கேனர் சொருகும் அந்த ஓபிடி-2 சாக்கெட் அமெரிக்காவிலேயே 1996 மாடல்களில்தான் கட்டாயமானது, இதில் சொருகுவதற்கு சிகரெட் லைட்டர் ஓட்டைதான் இருக்கிறது என்றேன். துக்கம் விசாரிக்க வந்தவன் போல என்னைப் பார்த்தான்.

பெல்ட் சந்தேகம் இருக்கும்போது செல்ஃப் அடிக்கவே கூடாது. அதனால், பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, வண்டியை டாப் கியரில் போட்டு, சபையை மெல்லத் தள்ளச் சொன்னேன். உள்ளே இருக்கும் ரோட்டார் நிதானமாகத் திரும்பியது. ரோட்டாரைச் சுற்றுவது கேம்ஷாஃப்ட், கேம்ஷாஃப்டைச் சுற்றுவது பெல்ட். ஆக, பெல்ட் உயிரோடு இருக்கிறது. நான் துள்ளிக் குதித்ததைப் பார்த்து, வண்டி சரியாகிவிட்டது என்று நினைத்துப் பாதிப் பேர் கலைந்துவிட்டார்கள்.

இப்போது தைரியமாக செல்ஃப் அடித்தேன். எஞ்சின் சுற்றியது, பிளக்கில் பொறி இல்லை. முள்ளும் அசையவில்லை. எஞ்சின் சுற்றுவதை உணர்ந்து சொல்லும் க்ராங்க் சென்சார்தான் போய்விட்டது என்று முடிவுகட்டி, வண்டியைத் தூக்கி ஏற்றிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனோம்.

அங்கே இறக்கி வைத்து அவர் சாவியைத் திருப்பியதும் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது. அப்போது ஒரு மெக்கானிக் முகத்தில் வரும் அந்த மரியாதையான அமைதி எந்தத் திட்டையும் விட மோசம்.

ஆனால் அவர் விவரமானவர். சூட்டில் செத்து, ஆறினால் பிழைப்பது க்ராங்க் சென்சாரின் குணம்தான் என்று ஒப்புக்கொண்டார். உடனே புதுசு வாங்கச் சொல்லவில்லை. கண்ணாடிகளை ஏற்றி, வண்டியை வெயிலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, பேப்பர் படிக்கப் போய்விட்டார். கடைசியில் நின்றது. சாவியைப் போட்டுக் காதைப் பின்பக்கம் கொடுத்தார். இந்த வண்டியில் சாவி போட்டதும் பெட்ரோல் பம்ப் ஓரிரண்டு நொடி முனகும். சத்தமே இல்லை.

பொறியும் இல்லை, பெட்ரோலும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கெட்டுப்போவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று வயரிங் படத்தைப் பார்த்தால், எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்கும் பம்புக்கும் கரண்ட் கொடுப்பது டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஒரே ரிலே, அதாவது கரண்டால் இயங்கும் ஒரு சுவிட்ச். அதைப் பிடுங்கி, சாக்கெட்டில் கரண்ட் வரும் 30ஆம் நம்பர் துளைக்கும் வெளியே போகும் 87ஆம் நம்பர் துளைக்கும் நடுவே ஃப்யூஸ் வைத்த வயரைப் போட்டார். பம்ப் முனகியது, எஞ்சின் பிடித்தது. (சோதனைக்கு மட்டும்தான் இது. இப்படியே ஓட்டினால், எங்காவது மோதி எஞ்சின் நின்றாலும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.)

ரிலேயின் மூடியைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தோம். ஒரு காலைச் சுற்றிப் பற்றவைத்த ஈயத்தில் முடி கனத்துக்கு வட்டமாக ஒரு விரிசல். இத்தனை வருஷ அதிர்வும், சூடாகிச் சூடாகி ஆறியதும் செய்த வேலை.

வண்டியை விற்றவருக்குப் போன் போட்டேன். "அட, அந்த ரிலேயா? சூடானா அப்படித்தான். க்ளவ் பாக்ஸ்ல ஸ்பேர் ஒண்ணு வெச்சிருக்கேன் பாருங்க" என்றார், ஏதோ போனஸ் கொடுப்பவர் மாதிரி. தேடினேன். பழைய ரசீதுகளுக்கு அடியில், பேப்பரில் பத்திரமாகச் சுற்றி, இருந்தது.

மெக்கானிக் அதன் மூடியையும் கழற்றினார். அதே காலில் அதே விரிசல்.